த்ருவாவின் பணம் ஹோல்டில் இருந்த கதை

காலை ஆறு மணி பத்து நிமிடம். வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முதலில் தெரிந்தது ஒரு மைக். மஞ்சள் பஞ்சுத் தொப்பி போட்ட கார்ட்லெஸ் மைக். மைக்குக்குப் பின்னால் ஒரு கை. கைக்குப் பின்னால், சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்திருந்த த்ருவா.

"சார், எழுந்துட்டீங்களா? எழுந்துட்டீங்களா சார்? சார், எழுந்துட்டீங்களா?"

மைக் ஆனில் இருந்தது. அதற்கான ஸ்பீக்கர் எதிர்ச்சாரியில் அவர் கடைக்குள் இருந்தது. நான் எழுந்தேனோ இல்லையோ, தெரு முழுக்க எழுந்துவிட்டது.

"என்ன த்ருவா, என்ன ஆச்சு?"

"காசு சார். ரெண்டு லட்சத்துச் சொச்சம்."

"போயிடுச்சா?"

"போகல சார். இருக்குது. அதான் பிரச்சினையே."

பத்திரிகை வேலையில் விசித்திரமான மனிதர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். ஆனால் எதையும் மூன்று முறை செய்து பார்க்காமல் நம்பாத ஒரே பிறவி இந்தப் பூமியில் த்ருவா மட்டும்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன். தினமும் ஒரே முறை மட்டும் உதிக்கிறது என்பதால் சூரியன்மேலேயே அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நான் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தபோது அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். முன்பக்கம் மைக் செட் வாடகைக் கடை, பின்பக்கம் வீடு. அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் இருந்தது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. மற்ற ஊர்களில் மைக் செட்காரர்கள் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பார்கள். இவர் "அன்... தே... த்ருவா" என்பார். பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று. சிறு வயதில் அப்பா அவரை டவுனில் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தாராம். மாதத்துக்கு ஒரு எண் வீதம் மூன்று மாதம் படித்தார். நான்காவது எண் வருவதற்குள் பள்ளிக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

அந்த "அன்" பூனை நடப்பது போல வரும். "தே" கொஞ்சம் கனக்கும். "த்ருவா" வரும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். எங்கள் பக்கத்தில் காதுகுத்தானாலும் கட்சிக் கூட்டமானாலும் அவர் த்ருவா சொன்ன பிறகுதான் தொடங்கும். அவர் சொல்லாத ஒரு கல்யாணத்தில் ஐயர் மந்திரத்தை ஆரம்பிக்காமல் காத்திருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் உறுதி செய்ய முடியவில்லை.

கடை ஷட்டரைப் பூட்டி, திறந்து, பூட்டி, திறந்து, பூட்டுவார். டீயை மூன்று முறை உறிஞ்சிப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பார். நான்காவது உறிஞ்சலுக்கு டம்ளரில் எதுவும் இருக்காது. ஒருமுறை பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, "தவளக்குப்பம் போவுமா?" என்று கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கண்டக்டருக்கே சந்தேகம் வந்து, முன்னால் போய் டிரைவரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை உள்ளேயிருந்து மணப்பெண் விஜயா அக்காவின் குரல் வந்ததாம்: "இன்னொரு தடவ கேட்டாருன்னா இல்லன்னு சொல்லிடுவேன்." கல்யாணச் சடங்குகளில் அவர் குறை சொல்லாதது தாலி கட்டுவதை மட்டும்தான். "மூணு முடிச்சு. யாரோ தொழில் தெரிஞ்ச ஆளு வெச்சிருக்கான் சார்" என்பார்.

கடையிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் மனைவியை அவர் மைக்கில்தான் கூப்பிடுவார். "விஜயா, ஒரு டீ" என்பது இரண்டு தெரு கேட்கும். விஜயா அக்கா மைக் இல்லாமல் பதில் சொல்லுவார். அது மூன்று தெரு கேட்கும்.

ஒருநாள், ஏன் இப்படி என்று நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கரண்ட்டோட பொழப்பு சார். அது ரெண்டாவது சான்ஸ் குடுக்காது. அதனால நான்தான் மூணு தடவ பாத்துக்கணும்" என்றார். அவர் மைக் கட்டிய பந்தல் எதிலும் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இனி பணத்தின் கதை.

ஆடி மாதம் எங்கள் பகுதி அம்மனுக்குச் செடல் எடுப்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் முதுகில் செடல் என்னும் கொக்கியைக் குத்திக்கொண்டு வண்டி இழுப்பார்கள். அம்மன் தெருத் தெருவாக வருவாள். த்ருவா அந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செடலுக்கு மைக் அவர்தான். அதில் லாபம் கிடையாது. ஆனால் அம்மனுக்கு முன்னால் போகும் வண்டியில் அவர் உட்கார்ந்திருப்பார். வருடத்தில் மற்ற நாளெல்லாம் அவர் மைக் செட்காரர். அன்று ஒரு நாள் ஊர்க்காரர்.

அதற்கு முந்தைய வருடம் செடலில் ஒரு விபத்து. விழாக் கமிட்டித் தலைவர், அரிசி மண்டி வைத்திருப்பவர், நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது த்ருவாவின் பழைய மிக்ஸர் "கூ..." என்று கத்தியது. மிக்ஸர் என்பது பல மைக்குகளின் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து அளவாக வெளியே அனுப்பும் பெட்டி. அன்று அது அளவை மறந்துவிட்டது. பந்தலில் படுத்திருந்த நாய்கள் நெல்லித்தோப்பு வரை ஓடின. அதிக நன்கொடை கொடுத்தவர் பெயர் கடைசிவரை யார் காதிலும் விழவில்லை.

அந்த வருடம் தலைவர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"யோவ் த்ருவா, இதான் கடைசி. புது மிக்ஸர் வாங்கி, காப்பு கட்டறதுக்குள்ள என் கண்ணுல காட்டு. இல்லன்னா உழவர்கரை டி.ஜே. பையன் இருக்கான், அவனுக்குக் குடுத்துடுவோம். அவன் லைட்டெல்லாம் வெச்சிருக்கான்யா, அம்மன் மூஞ்சி கலர் கலரா மாறுது."

"அம்மன் மூஞ்சி எதுக்கு தலைவரே மாறணும்?"

"அது எனக்குத் தெரியாது. உன் பொட்டி கத்தக் கூடாது."

விலை அறுபத்தெட்டாயிரம். வங்கிக் கணக்கில் சீசன் சீசனாகச் சேர்த்த இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் இருந்தது. வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் இணையக் கடையில் அந்த மிக்ஸரைப் பார்த்து, டெபிட் கார்டு எண்ணைப் போட்டு, வந்த ஓ.டி.பி.யையும் போட்டு, த்ருவா பட்டனை அழுத்தினார். 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று வந்தது.

வேறு யாராக இருந்தாலும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். த்ருவா மறுபடி அழுத்தினார். மறுபடி ஓ.டி.பி. வந்தது, பக்தியோடு போட்டார். 'ஆர்டர் ஏற்கப்பட்டது.' மூன்றாவது முறையும் அழுத்தினார்.

"எதுக்குய்யா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ சரின்னு வந்தா நம்பிடறதா சார்? ஒரு தடவ சத்தம் வந்துச்சுன்னு நான் மைக்க மேடையில வெச்சுட்டு வந்துடுவேனா?"

"அதுக்காக?"

"பின்னாடி போகாதே, ரெஃப்ரெஷ் பண்ணாதேன்னு எழுதியிருந்துது. பண்ணல. திரும்ப அழுத்தாதேன்னு எங்கயும் எழுதல சார். நல்லா பாத்தேன்."

எத்தனை முறை பார்த்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

ஒரே கார்டு, ஒரே பொருள், மூன்று ஆர்டர். கம்பெனியின் கம்ப்யூட்டர் இதைச் சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று முடிவு செய்து மூன்றையும் ரத்து செய்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியது. அதில் உங்கள் பணத்தை நாங்கள் எடுக்கவே இல்லை என்றும் இருந்தது. அது உண்மை. எடுக்கவில்லை. வங்கியில் ஹோல்டில் போட்டிருந்தார்கள்.

ஹோல்டு என்றால் என்னவென்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது. பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். கடைக்காரருக்குப் போயிருக்காது. ஆனால் அவர் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதற்காக வங்கி அதை ஒதுக்கி வைத்துவிடும்; நீங்கள் தொட முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி. இங்கே கைக்குட்டை போட்டவர் சாப்பாடே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். ஆனாலும் அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. நாற்காலி உங்களுடையது. நீங்களும் உட்காரக் கூடாது.

அப்படி மூன்று கைக்குட்டை. இரண்டு லட்சத்து நான்காயிரம் ரூபாய். மிச்சம் ஏழாயிரம்.

மூன்று முறை அழுத்தியது த்ருவாவின் தவறுதான். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் அவர் அன்று காலை என் கேட்டருகில் நின்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

"புடிக்கறதுக்கு ஒரு நொடி சார். ஒரு நொடி. விடறதுக்கு மட்டும் ஏழுலேருந்து பதினஞ்சு வேலை நாளாம். அதே கம்பிதானே சார், அதே கரண்ட்டுதானே? போகும்போது மட்டும் வேகமா போயி, வரும்போது மாட்டு வண்டியிலயா வருது?"

முதலில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டார். நாமெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் நம் வீட்டுக்குக் கேட்கும். த்ருவா போனை மைக்கின்மேல் வைத்தார். "தமிழுக்கு மூன்றை அழுத்தவும்" என்று ஒரு பெண்குரல் ரெட்டியார்பாளையத்துக்கே சொன்னது. மூன்று என்றதும் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. மூன்றை மூன்று முறை அழுத்தினார். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கும் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, காத்திருக்கும்படி சொல்லப்பட்டு, ஒரு வயலின் இசை தொடங்கியது. அது நிற்கவே இல்லை. கீரை விற்கும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாய்யா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு பெண் எடுத்தார்.

"உங்கள் பணம் முழுப் பாதுகாப்பாக இருக்கிறது சார்."

"பாதுகாப்பா இருக்குதுன்னு எனக்கே தெரியுதும்மா. என்கிட்டேருந்தே பாதுகாக்கறீங்களே!"

"அந்த மெர்ச்சன்ட் ரிலீஸ் செய்ய வேண்டும் சார்."

"அவங்க ரிலீஸ் பண்ணிட்டோம், பேங்க்கக் கேளுன்றாங்க."

"அப்படியென்றால் அது பிராசஸில் இருக்கும் சார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இந்த உதவியே இன்னும் வரலையேம்மா!"

தெருவில் கைதட்டல் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"செயின அடகு வெச்சு வாங்கித் தொலைய்யா" என்றார் விஜயா அக்கா.

"என் காசு இருக்கும்போது நான் எதுக்குடி கடன் வாங்கணும்?"

"எங்க இருக்குது?"

"இருக்குது!"

"கையில இருக்குதா?"

"கணக்குல இருக்குது!"

"அப்போ கணக்கையே தூக்கினு போயி அம்மனுக்கு முன்னாடி வை. அது பேசும்."

இன்னொருவரிடம் மிக்ஸரை வாடகைக்கு எடுக்கவும் வழியில்லை. ஆடியில் எல்லாக் கோயிலிலும் திருவிழா. புதுச்சேரியில் ஒரு மிக்ஸர் சும்மா இருக்காது. நான் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னேன். கும்பிட்டார். "நீங்க குடுத்தா வாங்கிப்பேன் சார், அது பெரிசில்ல. ஆனா வாங்கிட்டேன்னா, அவன் செஞ்சது சரின்னு ஆயிடும்" என்றார். எவன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனார். பேப்பர்காரர் கூட வந்தால் பயப்படுவார்கள் என்ற நம்பிக்கை. உதவி மேலாளர் ஒரு இளம்பெண், மரியாதையானவர். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார், உங்க அமௌண்ட் அப்படியே இருக்கு. நாங்க ஒரு ரூபா கூடக் குறைக்கல."

த்ருவா திரையைப் பார்த்தார். கோயிலில் திரை விலகியதும் அம்மனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"எடுத்துக்கலாமா?"

"எடுக்க முடியாது சார்."

"அப்போ எதுக்கும்மா காட்டறீங்க?"

அந்தப் பெண் எழுந்துபோய் மேலாளரைக் கேட்டார். மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருப்பதாகச் சொன்னார். தலைமை அலுவலகம் கார்டு பிரிவைக் கேட்கும். கார்டு பிரிவு கம்பெனியைக் கேட்கும். கம்பெனி ஏற்கெனவே விட்டுவிட்டதாகச் சொல்கிறது.

"பேப்பர்ல போடுங்க சார்" என்றார் த்ருவா வெளியே வந்து. அதையும் முயன்றேன். ஒரு செய்திக்குக் குற்றவாளி வேண்டும். நான் கேட்ட ஒவ்வொருவரும் மரியாதையாகப் பேசினார்கள், விதியைச் சரியாகச் சொன்னார்கள், தங்கள் கையில் எதுவும் இல்லை என்று நிரூபித்தார்கள். கடைசியில் என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ஒருவர் பணம், எல்லோரும் பார்க்கும்படி, யாரும் எடுக்க முடியாத இடத்தில், யாருடைய பொறுப்பும் இல்லாமல் இருக்கிறது. என் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "இதுல நியூஸ் எங்கப்பா?" என்றார்.

இதற்கு மேல்தான் உண்மையான அக்கிரமம்.

மைக் செட் ஏற்றும் மினி வண்டிக்கு அதே வங்கியில் த்ருவா கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதே கணக்கிலிருந்து தானாகப் போகும். அந்த மாதம் தவணை நாள் வந்தது. இரண்டு லட்சத்து நான்காயிரத்தைத் தன் கையில் இறுக்கிப் பிடித்திருந்த வங்கி, அதே கணக்கில் கையை விட்டுப் பார்த்து, பணம் போதவில்லை என்று முடிவு செய்தது. தவணை தவறியதற்கு ஐந்நூறு ரூபாய் அபராதம். அபராதத்துக்கு ஜி.எஸ்.டி. தொண்ணூறு ரூபாய்.

அந்தக் குறுஞ்செய்தியை த்ருவா மைக்கில் வாசித்தார். வழக்கத்துக்கு மாறாக, ஒரே ஒரு முறைதான் வாசித்தார். எனக்கு அது கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கிளையில் வாடிக்கையாளர் சந்திப்பு. சென்னையிலிருந்து மண்டல அதிகாரி வருகிறார். மைக் செட் யார்? வேறு யார்! மேலாளர் ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தார். இரண்டு மைக்குக்கு மிக்ஸர் தேவையில்லை. பழைய ஆம்ப்ளிஃபையரே போதும். த்ருவா சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனார், சரியான பக்கம் வெளியே தெரிய. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: 'விரல் நுனியில் உங்கள் பணம்.' முதல் வரிசையில் பெரிய வாடிக்கையாளர்கள். அதில் நம் அரிசி மண்டித் தலைவரும் ஒருவர்.

மேலாளரின் வரவேற்புரை கணீரென்று கேட்டது. மண்டல அதிகாரி எழுந்தார். மைக்கைத் தட்டினார். சத்தம் இல்லை. பேசிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

மேலாளர் ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஓடி வந்தார். த்ருவா அதன் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். சவுண்டு இருக்குது."

"கேக்கலையேய்யா!"

"இருக்குது சார். பாருங்க, லைட்டு எரியுது. சாரோட சவுண்டுல ஒரு துளி கூட நான் குறைக்கல. உள்ள முழுப் பாதுகாப்பா இருக்குது. ஹோல்டுல போட்டிருக்குது."

ஒருவர் சிரித்தார். மண்டல அதிகாரி மேடையிலிருந்து இறங்கி அருகில் வந்தார்.

"எப்ப வரும்?"

"ஏழுலேருந்து பதினஞ்சு வேலை நாள் சார். சனி ஞாயிறு சேராது."

"யாருப்பா நிறுத்தினது?"

"நான் நிறுத்தல சார். மைக்கு ரிலீஸ் பண்ணணும். மைக்கக் கேட்டா, நான் அப்பவே விட்டுட்டேன், ஆம்ப்ளிஃபையரக் கேளுங்குது."

கூடம் மொத்தமும் சிரித்தது. உதவி மேலாளர் பெண் ஒரு ஃபைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

"இன்னொண்ணு சார்" என்றார் த்ருவா. குரல் உயரவில்லை. "மேடை ஏறிப் பேசாம நின்னதுக்கு அபராதம் ஐந்நூறு. ஜி.எஸ்.டி. தொண்ணூறு."

மண்டல அதிகாரி கெட்டவர் அல்ல. த்ருவாவை அங்கேயே உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார். கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டார். பார்க்கிறேன் என்றார். இந்த விவகாரத்தில் என் எரிச்சலே அதுதான்: தேடித் தேடிப் பார்த்தும் ஒரு கெட்டவர்கூடக் கிடைக்கவில்லை. கெட்டவர்கள் இருந்திருந்தால் யாரையாவது பிடித்துப் பணத்தை வாங்கியிருக்கலாம். த்ருவா சுவிட்சைப் போட்டார். விரல் நுனியில் பணம் இருப்பது பற்றி அதிகாரி அரை மணி நேரம் பேசினார். தெளிவாகக் கேட்டது.

அன்றைய மைக் வாடகையை மேலாளர் கொடுக்கவில்லை. பிராசஸில் இருக்கிறது என்றார்.

கூடத்தில் சிரிக்காதவர் ஒருவர்தான். அரிசி மண்டித் தலைவர் கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, கடைசிவரை த்ருவாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள் நெருங்கியது. பணம் நகரவில்லை. மண்டல அதிகாரி பார்த்தாரோ என்னவோ, அவருக்கும் அது கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். காப்பு கட்டுவதற்கு முந்தைய நாள் த்ருவா என்னிடம் வந்தார். கையில் மைக் இல்லை. மைக் இல்லாமல் அவரைப் பார்ப்பது, பல் செட்டைக் கழற்றிய மனிதரைப் பார்ப்பது போல இருந்தது.

"தலைவரப் பாக்கப் போறேன் சார். கூட வரீங்களா?"

மண்டியில் தலைவர் கல்லாவில் இருந்தார். த்ருவா நின்றுகொண்டே பேசினார்.

"தலைவரே, மிக்ஸர் வரல. நீங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். உழவர்கரைப் பையனுக்கே குடுத்துடுங்க. நல்லா பண்ணுவான். வயரெல்லாம் சுத்தமா இழுக்கறான். நான் போயி பாத்தேன்."

"போயி பாத்தியா?"

"நம்ம ஜனம் நடக்கற எடம். ஷாக் அடிக்கக் கூடாதில்ல."

தலைவர் ஒரு மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்த அரிசியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் குடுக்கணும்னு கமிட்டி முடிவு பண்ணும்யா. நீ ஏன் கமிட்டி வேலையப் பாக்கறே? போ, போயி சாப்புடு."

அவ்வளவுதான். அன்று இரவு த்ருவா ஷட்டரை ஒரே ஒரு முறை இழுத்துப் பூட்டினார். தெருவில் அதைக் கேட்ட எல்லோரும் இன்னும் இரண்டு சத்தத்துக்குக் காத்திருந்தோம்.

செடல் அன்று சாயங்காலம் அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தார். விஜயா அக்கா மட்டும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு காத்திருந்தார். டி.ஜே. வண்டி வருவதற்கு முன்னால் அதன் டமாரம் வரும் என்று நாங்கள் மனதைத் தயார் செய்துகொண்டோம். வரவில்லை. தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. பிறகு உடுக்கை. பிறகு ஒரு மனிதக் குரல். மைக் இல்லாத, தொண்டை கிழியும் வெறும் குரல்.

"வழி விடுங்கம்மா... செடல் வண்டிக்கு வழி விடுங்க... கொழந்தையக் கையில புடி..."

அரிசி மண்டித் தலைவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து, அம்மனுக்கு முன்னால் நடந்துவந்துகொண்டிருந்தார். மைக் வண்டியும் இல்லை, கலர் விளக்கும் இல்லை. நன்கொடையாளர் பெயரையெல்லாம் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று அவரே கத்தினார். த்ருவா வெளியே வந்து வாசற்படியில் நின்றார். அம்மன் அங்கே நின்றாள். விஜயா அக்கா தட்டைக் கொடுத்தார்.

"இன்னா தலைவரே, டி.ஜே. எங்க?" என்று நான் கேட்டேன்.

"பட்ஜெட் இல்ல" என்றார். குரல் பாதி காற்றாக வந்தது. "ஒரு வருஷம் அம்மனுக்கும் காது ரெஸ்ட் எடுக்கட்டும்."

பிறகு த்ருவா பக்கம் திரும்பினார். "தள்ளி நில்லுய்யா, கற்பூரம்" என்றார்.

மறுநாள் காலை த்ருவாவின் பணம் கணக்குக்குத் திரும்பியது. அபராதம் திரும்பவில்லை. ஜி.எஸ்.டி.யும் திரும்பவில்லை. இன்றுவரை இல்லை.

அன்று முழுவதும் மண்டியில் தலைவர் கையால் சைகை காட்டித்தான் அரிசி விற்றார்.